முள்செடியில் ஒரு தொப்பி

ஓமராமா, நியூசிலாந்து
மார்ச்

அன்பு மகளுக்கு,

இலையுதிர் காலம் தொடங்கிவிட்டது. ஆறு வற்றிக் கண்ணாடியாய்த் தெளிந்திருக்கிறது. வெட்டுக்கிளிகள் தண்ணீரில் விழ, டிரவுட் மீன் மேலே வந்து தின்கிறது.

நேற்றுத் தூண்டிலோடு போனேன். கரை மேட்டிலிருந்து பெரிய மீன் ஒன்று தெரிந்தது. இறங்கித் தண்ணீரில் நின்றால் வானத்தின் பளபளப்புதான் தெரிகிறது. முன்பு மேட்டில் நின்று உன் அம்மா கத்துவாள்: “அங்க இல்ல, இன்னும் ரெண்டு முழம் இடது பக்கம். கண்ண வீட்லயே வச்சிட்டு வந்துட்டியா கிழவா?”

மறுபடி ஏறி, மீனுக்கு நேராக இருந்த முள்செடியில், கையோடு கொண்டுபோயிருந்த அவள் தொப்பியை மாட்டிவிட்டு இறங்கினேன். அதைக் குறிவைத்துத் தூண்டிலை வீசினேன். முதல் வீச்சிலேயே மாட்டியது. தூக்கி, மேட்டைப் பார்த்துக் காட்டினேன். பிறகு மீனை விட்டுவிட்டேன்.

நீ சொன்னபடி அவள் துணிகளைப் பக்கத்து வீட்டு மோயிராவிடம் கொடுத்தாயிற்று. தொப்பியை மட்டும் கேட்காதே. இங்கே ஏப்ரல் கடைசிவரை மீன் பிடிக்க அனுமதி இருக்கிறது.

அப்பா