என் கணவரை மலையிலிருந்து இறக்க வேண்டாம்

அனுப்புநர்:
மறைந்த லைன்மேன் 'நெட்டை' என்பவரின் மனைவி,
தையல் தொழில்,
மின்துறைப் பணியாளர் குடியிருப்பு,
பின்பக்கக் கட்டடம், கீழ்த்தளம்.

பெறுநர்:
தலைமைப் பொறியாளர் அவர்கள்,
மின்துறைத் தலைமை அலுவலகம்.

பொருள்: உலகின் மிக உயர்ந்த மலையில் இறந்துபோன என் கணவரின் உடலைக் கீழே கொண்டுவர, அவருடைய உடன்பிறந்த தம்பி உள்ளிட்ட துறை லைன்மேன்களை அனுப்பும் உத்தரவை ரத்து செய்யக் கோருவது தொடர்பாக.

பார்வை: இதே கோரிக்கையுடன் துறைத் தலைவர் அவர்களுக்கு நான் கொடுத்த மனுவும், அது 'தக்க நடவடிக்கைக்காக' தங்களுக்கே அனுப்பப்பட்டதாக எனக்கு வந்த பதிலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மீதுள்ள குறையைத் தங்களிடமே முறையிடும்படி ஆகிவிட்டது. மேலே கொடுத்த மனு சுற்றிக்கொண்டு தங்கள் மேசைக்குத்தான் வரும் என்று முன்பே தெரிந்திருந்தால் எனக்கு அலைச்சலாவது மிச்சமாகியிருக்கும். அணி திங்கட்கிழமை புறப்படுகிறது. ஆகவே சுற்றி வளைக்காமல் கீழ்க்கண்டவற்றைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

1. என் கணவர் கம்பம் ஏறுகிறவர். ஆள் உயரம் என்பதால் பிரிவில் எல்லோருக்கும் நெட்டை. விடுப்பு கிடைத்தால் மலைக்குப் போய்விடுவார்; என் அண்ணன் வீட்டு விசேஷத்துக்கு விடுப்பு கேட்டால் மட்டும் பிரிவில் ஆள் இல்லை என்பார். பெரிய மலைகள் இரண்டில் உச்சி கண்ணுக்குத் தெரியும் தூரம்வரை போய்விட்டு, பொழுது தாண்டிவிட்டது என்று திரும்பி வந்தவர். அதற்காகப் பிரிவில் அவரை ஓட்டாத ஆள் இல்லை. "என்னப்பா நெட்டை, பல்பு மாட்டாமலே எறங்கிட்டியா?" என்று கேட்பார்களாம். அதை அவரே சிரித்துக்கொண்டு வந்து என்னிடம் சொல்வார். திரும்பி வரத் தெரிந்த மனிதர் என்ற தைரியத்தில்தான் ஒவ்வொரு தடவையும் நான் அவரை அனுப்பி வைத்தேன்.

2. 'உலகின் உச்சியில் மின்துறை' என்ற திட்டத்தைத் தாங்கள் தொடங்கி, அதற்கு என் கணவரைத் தேர்ந்தெடுத்தீர்கள். வழியனுப்பு விழாவில், உலகிலேயே மிக ஆபத்தான மலைக்கு நம் லைன்மேன் போகிறார் என்று பேசினீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் என் காதில், "ஆபத்துன்னா ரெண்டாவது மலைதான். இது உசரத்துலதான் முதல். அதுவும் கடல் மட்டத்துல இருந்து அளந்தா. பூமிக்கு நடுவுல இருந்து அளந்தா வேற மலை முந்திக்கும்" என்றார். வீட்டில் யாராவது தப்பாகச் சொன்னால் சாப்பாட்டை நிறுத்திவிட்டுத் திருத்துகிற ஆள். மேடையில் இருந்தது மேலதிகாரி என்பதால் அன்று வாயை மூடிக்கொண்டு கைதட்டினார். மேலதிகாரி சொன்னால் சரியாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் சுபாவம். அந்தச் சுபாவம் பற்றிக் கீழே மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

3. அவர் உச்சியை அடைந்த செய்தி வந்தபோது நான் தங்கள் அறையில் இருந்தேன். செயற்கைக்கோள் தொலைபேசியை மேசை நடுவில் வைத்து எல்லோரும் சுற்றி நின்றார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் பேசச் சொல்லி என்னிடம் கொடுத்தீர்கள். "போதும், எறங்குங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். தாங்கள் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "இருப்பா, எங்க போகப் போறே? தலைவர் லைன்ல வர்றாரு. அதான் ஏறியாச்சே, உக்காந்து கொஞ்சம் ரெஸ்ட் எடு" என்றீர்கள். துறைத் தலைவர் வேறொரு கூட்டத்தில் இருந்தார். அறைக்கு இரண்டு முறை தேநீர் வந்து போனது. நடுவில் கொடியை விரித்துப் பிடித்து இன்னொரு படம் எடுக்கச் சொன்னார் தங்கள் உதவியாளர். கொடியின் அளவு அலுவலகம் சொன்னது, தைத்தது நான். ஒரு கதவு அகலம் இருக்கும். அந்தக் காற்றில் அதை விரிக்க, தடித்த கையுறையைக் கழற்றத்தான் வேண்டும். இரண்டாவது தேநீர்க் கோப்பைகளை எடுத்துப் போன பிறகுதான் தலைவர் இணைப்பில் வந்தார். வாழ்த்துச் சொன்னார், நன்றாகவே பேசினார்.

4. என் கணவரோடு உச்சியில் இருந்த மலை வழிகாட்டி பிறகு எங்கள் வீட்டுக்கு அவருடைய பையைக் கொடுக்க வந்தார். வாசலிலேயே நின்றார், உள்ளே வர மறுத்துவிட்டார். "அக்கா, மேல வந்தப்ப நல்லாத்தான் இருந்தாரு. உக்காந்ததுதான் தப்பாப் போச்சு. நான் கையைப் புடிச்சு இழுத்தேன். 'ஆபீசு இன்னும் கிளியர் சொல்லல'ன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல" என்றார். ஐயா, அவருக்குப் புரியாதது தங்களுக்குப் புரியும். கம்பத்தில் இருப்பவர் அலுவலகத்திலிருந்து சொல் வராமல் அசையக் கூடாது. மின்சாரத்தை நிறுத்தியாயிற்று, லைன் கிளியர் என்று காதால் கேட்ட பிறகுதான் அடுத்த வேலை. இந்தப் பழக்கத்தை விட்டவர்கள் கம்பத்திலேயே கருகிப் போனதை இந்தக் குடியிருப்பில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். துறை அவருக்குள் ஊறவைத்த பழக்கம் அது. தாங்கள் இருக்கச் சொன்னீர்கள், அவர் இருந்தார். வேறு எந்த ஊர் மலையேறுபவராக இருந்தாலும் போனை அணைத்துவிட்டு இறங்கியிருப்பார்.

5. உச்சியை அடைந்தால் வேலை முடிந்தது என்று அந்த அறையில் இருந்த எல்லோரும் நினைத்தார்கள். உச்சி பாதி வழிதான். ஏறும்போது சேமித்து வைத்த தெம்பில் இறங்க வேண்டும். பலர் சாவது இறங்கும்போதுதான். அங்கே உட்கார்ந்தால் களைப்பு தீராது, கூடும். இங்கே நாம் இழுக்கும் மூச்சில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு கூட அங்கே சரியாகக் கிடைக்காது. முதுகில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதே என்று தங்கள் உதவியாளர் என்னிடம் கேட்டார். அது உச்சியில் இருப்பவரைக் கொஞ்சம் தாழ்வான இடத்தில் இருப்பவராக ஆக்குமே தவிர, நம் அறையில் இருப்பவராக ஆக்காது. சும்மா உட்கார்ந்திருந்தாலும் அது தீர்ந்துகொண்டே இருக்கும். இறங்கும் வழியில், உச்சிக்குச் சற்றுக் கீழே, அவருடையது தீர்ந்தது. ஒரு பாறை ஓரத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வழிகாட்டி தன்னுடையதும் தீரும் நிலைக்கு வரும்வரை பக்கத்தில் இருந்துவிட்டு இறங்கினார். அவரை நான் குறை சொல்லவில்லை.

6. துக்கம் கேட்க வந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மேல்வீட்டுக்காரர், "ஹெலிகாப்டர் அனுப்பினா அஞ்சு நிமிஷ வேலை" என்றார். ஹெலிகாப்டருக்கும் காற்று வேண்டும் என்று சொன்னால் அவர் நம்பவில்லை. பறக்கிற சாமானுக்கு எதற்குக் காற்று என்றார். எதிர்வீட்டு அக்கா, "அவ்வளவு மேல போனா சூரியன் கிட்டக்க வந்துருமே, எப்படிக் குளிரும்?" என்று உண்மையாகவே கேட்டார். இப்போது வழி நெடுகக் கயிறும் ஏணியும் போட்டிருக்கிறார்களாம், யார் வேண்டுமானாலும் ஏறலாமாம் என்றார் கடைக்காரர். இவர்கள் பேச்சால் யாருக்கும் கெடுதல் இல்லை. இவர்கள் யாரும் உத்தரவில் கையெழுத்துப் போடுகிறவர்கள் அல்ல.

7. இரங்கல் கூட்டத்தில் தாங்கள், "டிரான்ஸ்பார்மரையே எறக்குறவங்க நாம. நம்ம ஆளை நாம எறக்க மாட்டோமா?" என்று கேட்டபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. மறுவாரமே உத்தரவு வந்தது. கப்பி, கயிறு, இரும்புச் சங்கிலி எல்லாம் கிடங்கிலிருந்து எடுத்து எண்ணெய் போட்டு வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். டிரான்ஸ்பார்மர் இறக்கும் இடத்தில் கப்பியை மாட்ட இரண்டு கம்பம் நிற்கும், கீழே லாரி நிற்கும், இழுப்பவனுக்கு மூச்சு இருக்கும். அங்கே இந்த மூன்றும் கிடையாது. உடல் பனியில் உறைந்து பாறையோடு ஒட்டியிருக்கும், இருந்த எடையைப் போல் இரண்டு மடங்கு ஆகியிருக்கும் என்றார் வழிகாட்டி. அதைப் பெயர்க்கவே பழகிய ஆட்கள் பலர் வேண்டும். தன் உடம்பைத் தூக்கிக்கொண்டு இறங்குவதே பெரும்பாடான இடத்தில் இன்னோர் உடம்பை யார் தூக்குவது என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். அந்த மலையிலேயே தொழில் செய்கிறவர்கள் பயப்படும் வேலைக்குத் தாங்கள் கம்பம் ஏறுகிறவர்களை அனுப்புகிறீர்கள். இந்த அணி கொண்டுபோக இன்னொரு கொடி தைக்கச் சொல்லியும் எனக்கு ஆள் வந்தது. மறுத்துவிட்டேன். வேறு கடையில் கொடுத்துவிட்டார்கள்.

8. என் கணவரின் தம்பி இந்த அணியில் முதல் பெயர். இளவயது, இரும்பு மாதிரி உடம்பு, ஒரே மூச்சில் கம்பம் ஏறுவார் என்று அவரைத் தேர்ந்தெடுத்ததாக அறிகிறேன். ஐயா, உயரம் உடம்பைப் பார்த்து ஆளை விடுவதில்லை. நோஞ்சானுக்கு ஒன்றும் ஆகாமல் பயில்வான் சுருண்டு விழலாம். மெதுவாக ஏறிப் பழகுவது ஒன்றுதான் வழி. பயிற்சிக்கென்று சின்ன மலைக்குக் கூட்டிப்போனபோதே தம்பிக்குத் தலை பிளக்கும் வலி வந்திருக்கிறது. வாந்தி எடுத்திருக்கிறார், நடை தள்ளாடியிருக்கிறது. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார். என்னிடம் மட்டும், "அண்ணி, யார்கிட்டயும் சொல்லிராதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நான் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். இந்த மனுவில் அந்த வாக்கை மீறுகிறேன். இதைப் படித்துவிட்டு அவர் இனி என்னோடு பேசாமல் போனாலும் பரவாயில்லை, உயிரோடு இருந்து பேசாமல் இருக்கட்டும்.

9. அவர் தாமாகவே விலகிக்கொள்ளலாமே என்று தாங்கள் கேட்கலாம். தயங்கியபோது தங்கள் உதவியாளர், "கூடப் பொறந்த அண்ணனுக்காகப் போகலைன்னா வேற யாருக்காகப் போவே?" என்று பிரிவில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு எந்தத் தம்பியால் விலக முடியும்? அண்ணன் சட்டையைப் போட்டு வளர்ந்த பிள்ளை அவர். அதே உதவியாளர்தான் என் மாமியாரிடம், போய்விட்டு வருகிற சாதாரண வேலை என்று சொல்லிச் சம்மதக் கையெழுத்தும் வாங்கிப் போனார்.

10. அத்தையின் சம்மதத்தை எனக்கு எதிராகத் தாங்கள் காட்டக் கூடும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பெற்றவள் பிள்ளையைக் கேட்கிறாள். "என் புள்ளை அங்க குளிர்ல கெடக்குறான், எனக்கு எப்படிடி சோறு எறங்கும்?" என்று என்னைக் கேட்கிறார். தம்பியின் பெட்டியில் ஒரு கம்பளிப் போர்வையை மடித்து வைத்திருக்கிறார். கண்டவுடன் மூத்தவனுக்கு முதலில் போர்த்திவிட வேண்டுமாம். சின்னவனுக்குத் தலைவலி வந்தது அத்தைக்குத் தெரியாது. சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குடியிருப்பில் என்னை, புருஷன் உடம்பு கூட வேண்டாம் என்கிறவள் என்று பேசுகிறார்கள். எனக்கும் அவர் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும், ஐயா. இரவில் திரும்பிப் படுத்தால் பக்கத்து இடம் காலியாக இருப்பது எனக்குத்தான் தெரியும். அதற்காக அணியில் உள்ள ஆறு பேரை அந்தப் பாறைக்கு அனுப்பச் சம்மதிக்க என்னால் முடியாது. அவர் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும் என்று மனைவி என்ற முறையில் எழுதிக் கொடுக்கிறேன்.

11. இந்த மனுவால் எதுவும் நின்றுவிடும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டது, செய்தியாளர்களுக்குச் சொல்லியாகிவிட்டது, அலுவலக வாசலில் பெரிய படத்தோடு பலகையும் வைத்தாகிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். பலகையில் என் கணவருக்குப் பக்கத்தில் தம்பியின் படத்தையும் போட்டிருக்கிறீர்கள். போகிற வழியில் பார்ப்பவர்களுக்கு இருவரில் யார் உயிரோடு இருப்பவர் என்று தெரியாது. நேற்று அதன் முன்னால் நின்றுவிட்டு, வந்த வேலையை மறந்து வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

ஆகவே, அணியை அனுப்பும் உத்தரவைத் திங்கட்கிழமைக்கு முன் ரத்து செய்யுமாறும், அது இயலாவிடில் என் கணவரின் தம்பியின் பெயரையாவது நீக்குமாறும், நீக்கியது தங்கள் முடிவு, அவர் பயந்து விலகவில்லை என்று அதில் ஒரு வரி சேர்க்குமாறும் தங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டுமே முடியாது என்றால், ஒரே ஒரு கேள்விக்காவது எழுத்தில் பதில் தருமாறு வேண்டுகிறேன். தம்பியும் அங்கேயே தங்கிவிட்டால் அவரை இறக்கிக் கொண்டுவர யாரை அனுப்புவீர்கள்? வீட்டில் மீதி இருப்பது நாங்கள் இரண்டு பேர். அத்தைக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது, நாலு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு மலை ஏறத் தெரியாது.

இடம்: பணியாளர் குடியிருப்பு
நாள்: வெள்ளிக்கிழமை

தங்கள் ஒரு கையெழுத்துக்காகக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
நெட்டையின் மனைவி