படாமல் போனதை எழுதும் புத்தகம்

2025 பிப்ரவரி 3, திங்கள்

ஊதுபத்தி பாக்டரியில் இன்று முதல் நான் பாதுகாப்பு கமிட்டி. தகுதி: பத்தாவது பாஸ், அழகான கையெழுத்து, பயிற்சி வகுப்பில் மத்தியானச் சாப்பாடு பிசிபேளே பாத் என்று முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தது. ஸ்டோர் கீப்பருக்கு வேறென்ன வேலை!

புது ரிஜிஸ்டர் ஒன்று கொடுத்தார்கள். வேலை இடத்தில் யாராவது கை ஓங்கினால், எதையாவது எறிந்தால், அடி படாமல் போனாலும் எழுத வேண்டுமாம். "படாததையும் எழுதணும்னா எங்க வீட்டுக்கே மூணு ரிஜிஸ்டர் ஆகும்" என்றேன். வகுப்பே சிரித்தது.

பிப்ரவரி 6

லேபிள் கோணல் என்று சூபர்வைசர் தொட்டையன் டேப் கட்டரைத் தூக்கி எறிந்தார். பெட்டி ஒட்டுகிற இரும்பு, அரைக் கிலோ இருக்கும். பேக்கிங்கில் இருக்கும், மார்டள்ளி கிராமத்துத் தமிழ்ப் பெண் சொர்ணலதாவின் காதோரமாகப் போய்ச் சுவரில் மோதியது.

எனக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே. அம்பயர் மாதிரி இரண்டு கையையும் விரித்து "வைட் பால்!" என்றேன். கொல்லென்று சிரிப்பு. தொட்டையனும் சிரித்தார். பெரிய சண்டையைத் தடுத்துவிட்டதாக எனக்குள் ஒரு பெருமை.

வீட்டில் சொன்னேன். மகள் காவேரி சிரிக்கவில்லை. "அந்தக்கா சிரிச்சாங்களாப்பா?"

சிரித்தாள். எல்லோருக்கும் கடைசியாக.

பிப்ரவரி 7

ரிஜிஸ்டரில் எழுதவில்லை. படவில்லையே.

பிப்ரவரி 20

பட்டுவிட்டது. அதே தொட்டையன், அதே டேப் கட்டர். சொர்ணலதாவின் இடது கண்.

பிப்ரவரி 21

கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தக் கண்ணில் இனி பார்வை வராதாம். கட்டுப் போட்ட முகத்தோடு, "ண்ணா, எனக்கு லீவு எழுதிக் குடுத்துருங்க" என்றாள். பழக்க தோஷம், ஏதோ ஒரு ஜோக்கு நாக்கு நுனிவரை வந்தது. சீ.

பிப்ரவரி 25

மேனேஜர் கூப்பிட்டு, கன்னடத்தில் ரொம்ப அன்பாகப் பேசினார். "காளியப்பா, அவங்க எப்பவும் இப்படி விளையாடறதுதானே? முன்னாடி ஒரு தடவை நீயே அம்பயரா நின்னியாமே. அந்தப் பொண்ணும் சிரிச்சாளாமே."

விளையாட்டில் கை தவறியது என்று டைப் அடித்த தாள். சாட்சி — நான்.

நாளைக்குப் போடுறேன் சார் என்று வந்துவிட்டேன். ஐயோ, என் வாயே அவளுக்கு எதிரா சாட்சி சொல்லுதே! என்ன பண்ணி வெச்சிருக்கேன் நான்? காவேரி இன்னும் பி.யூ.சி. முடிக்கல. வேலை போச்சுன்னா —

பிப்ரவரி 26

அந்தத் தாளில் கையெழுத்துப் போடவில்லை.

ரிஜிஸ்டரின் முதல் பக்கத்தில் எழுதினேன்: "6ஆம் தேதி தொட்டையன் எறிந்தார். படவில்லை. நான் எல்லோரையும் சிரிக்க வைத்தேன். அன்றே எழுதவில்லை. இன்று எழுதுகிறேன்." இருபது நாள் தாமதம். போட்டோ எடுத்து சொர்ணலதாவுக்கு அனுப்பினேன். லேபர் ஆபீசிலும் ஒரு நகல் கொடுத்தேன்.

மார்ச் 24

கமிட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது வாசல் பக்கக் கோடவுனில் மூட்டை எண்ணுகிறேன். தொட்டையன் மேல் விசாரணை நடக்கிறது. ரிஜிஸ்டரின் இரண்டாவது பக்கத்தில், பேக்கிங்கில் இருக்கும் பசம்மா கன்னடத்தில் எழுதியிருக்கிறாளாம்: புது சூபர்வைசர் ஸ்டூலை எட்டி உதைத்தார், யார் மேலும் படவில்லை.

மத்தியானம் சொர்ணலதா, அடிபட்ட அன்று விட்டுப் போன தன் டிபன் டப்பாவை எடுத்துப் போக வந்தாள். கையசைத்தேன். பார்க்காமல் தாண்டிப் போனாள். கோபம், இருக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். மனசு கேட்காமல் "சொர்ணா" என்றேன். தலையை முழுசாகத் திருப்பித் தேடினாள்.

"நீங்களாண்ணா? இந்தப் பக்கம் நின்னா தெரியாதுங்ண்ணா" என்று சிரித்தாள்.

வலது பக்கம் போய் நின்றேன்.