கிறீஸ் இல்லாத சில்லு

நறுவிலிக்குளம். மார்கழி, வெள்ளி இரவு.

சோதனைச்சாவடி தாண்டி மன்னாருக்குப் போய், ஜெர்மனியில் ரொக்கெட்டுக்கு எரிபொருள் தள்ளும் பம்ப் செய்யும் என் கணவரோடு தொலைபேசியில் கதைத்தேன். பொருள் தடையால் பற்றரி இல்லாமல், சைக்கிளைக் கவிழ்த்து டைனமோ சுற்றித்தான் ரேடியோ கேட்கிறோம். கிறீஸும் இல்லாமல் சில்லுப் பேரிங் தேய்ந்துவிட்டது என்றேன்.

"எங்கட பம்பிலயும் கிறீஸ் இல்லையப்பா. உள்ளுக்க ஓடுற திரவ ஒக்சிஜன்ர குளிருக்குக் கல்லாப் போயிடும். பேரிங்குக்குள்ள உருளுற போல்ஸைப் பிடிச்சு வைச்சிருக்கிற வளையம் கொஞ்சம் கொஞ்சமாத் தேஞ்சு, அந்தத் தூள்தான் போல்ஸில ஒட்டி வழுக்க விடுது."

"அப்பிடித் தேஞ்சா வளையம் எத்தினை வருஷம் தாங்கும்?"

அவர் சிரித்தார். "வருஷமோ? பம்ப் ஓடுறதே சில நிமிஷம்தான்."

அவர் போய் எத்தனையோ வருஷம். இந்த முறையாவது, எப்ப வாறியள் என்று கேட்கத்தான் போயிருந்தேன். கேட்காமலே வைத்துவிட்டேன்.