செந்திலின் குடுவை

ஆடி 4, ஞாயிறு

ஐந்தருவியில் சீசன் கூட்டத்தை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். ஈரத் துண்டோடு ஒருவன் வந்து என் காக்கிச் சட்டையைப் பிடித்து இழுத்தான். செந்தில்! பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரி லேபில் என் பக்கத்தில் நின்றவன். இப்போது வீரகேரளம்புதூரில் உரக்கடை வைத்திருக்கிறானாம்.

இருபது வருடமாகச் சொல்லாததை இன்று சொல்லிவிட்டேன். பிராக்டிகல் பரீட்சையில் பிப்பெட்டை உறிஞ்சும்போது சோடியம் ஹைட்ராக்சைடு என் வாய்க்குள் போய்விட்டது. குடுவையில் நிறம் மறையும்வரை சொட்டுச் சொட்டாக ஆசிட் விடும் டைட்ரேஷனை அவன் பாதியில் விட்டுவிட்டு, என்னைக் குழாயடிக்கு இழுத்துப்போய் வாயைக் கழுவிவிட்டான். திரும்பி வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மார்க் குறைந்து, அவன் ஆசைப்பட்ட கல்லூரி கிடைக்காமல் போனது.

"எல்லாம் என்னாலதானலே," என்றேன்.

"போலே, கிறுக்குப்பயலே! நீ கத்துததுக்கு முன்னாலயே நான் கோட்டை விட்டுட்டேன். கலர் போனது தெரியாம ஆசிட்ட நெறய விட்டாச்சு. அத வச்சு மோல் கணக்குப் போட்டா வெளங்குமா?"

இருவரும் சிரித்தோம். கூட வந்திருந்த அவன் மனைவி எனக்கும் ஒரு மங்குஸ்தான் உரித்துக் கொடுத்தார். மனசு லேசாகி வீட்டுக்கு வந்தேன்.

படுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அன்று வாயைத் துடைத்துக்கொண்டு மேசைக்குத் திரும்பியபோது, முதலில் கண்ணில் பட்டது அவனுடைய குடுவைதான். ஆசிட் கூடிப்போயிருந்தால் அது தண்ணீர் மாதிரி இருந்திருக்கும்.

நல்ல ரோஸ் நிறத்தில் இருந்தது.