அசல் நிலம் என்று நான் எழுதிய இடம்

கூட்டாளி,

இன்று காலை தேயிலைத் தோட்டத்துக்கு நான் வரைந்த பழைய பிளான் சுருளை விரித்தேன். அம்மோனியாவும் கரப்பான் பூச்சியும் கலந்த அந்த நாற்றத்தில் ரிங்லெட் ஊர் முழுவதும் மூக்கைப் பிடித்திருக்கும்.

நீ கண்ட்ராக்டராகப் போட்ட லோரி ஷெட் ஞாபகம் இருக்கிறதா? அது நின்ற இடத்தில் பாலர் பள்ளி வரப்போகிறது. வரைபவள் என் தங்கச்சி மகள், ஈப்போவில் இன்ஜினியர். கட்டடத்தால் காற்றில் ஏறும் கார்பனைக் குறைக்க வேண்டும் என்பது அவள் கவலை. சிமெண்டு செய்வதே பெரிய புகை வேலையாம். அதனால் வரைகிற வேலையைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்துவிட்டாள். நான் ஒரு கோப்பி குடிப்பதற்குள் அது திரையிலேயே மூவாயிரம் பள்ளிக்கூடம் கட்டி, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் இடித்துவிட்டது. பிரம்மாவே வேலை தேடித் தாப்பா டவுனுக்கு இறங்க வேண்டியதுதான். மரச் சுவர், வெளிச்சம் பார்த்த ஜன்னல், அப்பளம் மாதிரி மெல்லிய அஸ்திவாரம்.

"இந்த ஷெட்டுக்கு யாரு மாமா இவ்ளோ கான்கிரீட் போட்டது? யானை கட்டி வெச்சிருந்தாங்களா?" என்று முந்தாநாள் திரையைக் காட்டிச் சிரித்தாள். "அசல் நிலம், கொட்டி நிரப்பாத கெட்டி மண்ணுன்னு உங்க பிளான்லயே இருக்கு. அவ்வளவும் வேஸ்ட்டு லா."

நானும் சிரித்தேன். பகாங் மாநிலத்திலேயே அவ்வளவு பொய்யாக யாரும் சிரித்திருக்க முடியாது. 'அசல் நிலம்' என்று முத்து முத்தாக எழுதியவன் நான்தானே.

அன்று தோட்டத்துத் துரை லீவு முடிந்து வருவதற்குள் இடம் சமமாக வேண்டும் என்று ஆபீஸ் கணக்கு பார்க்கும் கிராணி குதித்தார். அங்கே இருந்ததோ பள்ளம், அடியில் ஊற்று. ரோடு வெட்டிய மண்ணை லோரி லோரியாகக் கொட்டினாய். போதவில்லை. பிடுங்கிப் போட்ட தேயிலைக் கட்டைகளையும் உள்ளே தள்ளினோம். கட்டை மக்கினால் பொந்து விழும் என்று முனகினேன். "புல்லு முளைச்சிட்டா யாருக்குடா தெரியும், நீ எழுது லா" என்றாய். உலகப் புகழ் பெற்ற என் கையெழுத்தில் எழுதினேன்.

பிறகு ஷெட் போட்டபோது, யாரும் கேட்காமலே சிமெண்டை இரட்டிப்பாக இறக்கியவனும் நீதான். எதற்கு என்று கேட்டேன். "தூக்கம் வரணும்ல" என்றாய். அதைத்தான் இன்று இயந்திரம் வீண் என்று கண்டுபிடித்திருக்கிறது. பாவம், நம் எழுத்தை முழுசாக நம்பிய ஒரே ஆள் அது.

மூன்று நாளாக மழை. லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளச் சேறு வீடுகளுக்குள் இறங்கிய வருஷம் நான் ராத்திரியெல்லாம் விழித்துக் கிடந்தது உனக்குத் தெரியும். அந்தக் கட்டைகளின் மேல் நாலு வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்து பாடப்போகிறார்கள். நேற்று அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

திரையில் நிலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மேட்டுப் பக்கம் பாறை இருக்கு, பள்ளிக்கூடத்த அங்க நகர்த்தலாம். பாறைன்னா மெல்லிசு அஸ்திவாரமே போதும்" என்றாள். எனக்கு உயிர் வந்தது. அடுத்த பேச்சில் போய்விட்டது.

"மாமா, உங்க பழைய பிளான் எல்லாத்தையும் இந்த ஏஐகிட்ட குடுத்திருக்கோம். இனி தோட்டத்துல எது கட்டுனாலும் அதத்தான் பாக்கும். வேற எங்கெல்லாம் இப்படி எழுதுனீங்க?"

இன்னொரு பள்ளம் இருந்தது, கூட்டாளி. அதே மண், அதே கட்டை. கிளினிக்குக்குப் பின்புறமா, மாதா கோயில் படிக்குக் கீழா? உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது, நீயோ மேலே போய்ச் சேர்ந்துவிட்டாய். அதனால்தான் காலையில் சுருளை விரித்து, இரண்டு இடத்திலும் சிவப்பு வட்டம் போட்டுக் கொடுத்துவிட்டேன். மழை விட்டதும் நிலத்தில் துளை போட்டுப் பார்க்க ஆள் வருகிறார்களாம்.

அதுவரை அந்த இரண்டு வழியிலும் காலை மெல்ல மெல்ல வைத்து நடக்கிறேன். எதிரே வருகிறவர்கள் எனக்கு மூட்டு வலி என்று நினைத்துக் குடை பிடிக்கிறார்கள்.