அறுந்த கம்பியோடு ஒரு பாட்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டி வலி தேவலையா? ஞாயிற்றுக்கிழமை போனில் என் விரல் முறிந்ததைச் சொல்லவில்லை. இடது கையால் எழுதுவதால்தான் இந்தக் கோழிக் கிறுக்கல், பயப்படாதீர்கள்.

மாடிவீட்டுக்காரன் மனைவியைத் தினம் அடிப்பவன். "அவர் அஞ்சு நிமிஷம் கீழ போனா போதும்க்கா, பிள்ளையத் தூக்கிட்டு ஓடிடுவேன்" என்று அவள் சொல்லியிருந்தாள். அன்று அவள் தலை சுவரில் மோதும் சத்தம் கேட்டதும், நீங்கள் கொடுத்த எழுபதுகளின் ராக் கச்சேரி இசைத்தட்டை முழுச் சத்தத்தில் வைத்தேன்.

நடுப்பாட்டில் கம்பி அறுந்தும் அந்தக் கிடார்க்காரர் நிறுத்தாமல் வாசிப்பாரே, கூட்டம் வெறிபிடித்துக் கத்துமே, அந்த இடம். ஸ்டுடியோவாக இருந்தால் அழித்துவிட்டு மறுபடி வாசித்திருப்பார்கள். இதில் கம்பி அறுந்ததும் இருக்கிறது, அதற்குப் பிறகு வந்த வேகமும் இருக்கிறது.

அவன் இறங்கி வந்து என் கதவை உதைத்து உடைத்தான்.

"நிறுத்துடி! மண்டையப் பொளந்துடுவேன்!"

"பாட்டு முடியட்டும் சார்."

இசைத்தட்டைச் சுவரில் அடித்து நொறுக்கினான். தடுத்த என் விரலை முறித்தான். மீதி விரல்களால் அவன் சட்டையை விடாமல் பிடித்திருந்தேன்.

இன்னொரு பிரதி கிடைத்தால் அனுப்புங்கள். அது இல்லாமல் வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றக் கூப்பிடுகிறார்கள், முடித்துக்கொள்கிறேன்.

அவள் பிள்ளையோடு பின்படி வழியாகப் போய்விட்டாள், இன்னும் திரும்பவில்லை.

உங்கள் மகள்