போர்டுக்கு ஏற்ற பருந்து

மார்ச் 4, புதன்

எங்கள் பறவைக் காப்பகத்தில் இன்றும் பருந்துக் கூண்டின் முன்னால்தான் கூட்டம். நாலு பேர் பார்த்தாலே பேச்சுத் தடுமாறுகிற எனக்கு, வருகிறவர்களுக்கெல்லாம் பறவைகளைப் பற்றி விளக்கிச் சொல்லும் வேலை. அடிபட்டு வந்த பருந்து தேறி, கூண்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வீசிப் பறக்கிறது. அடுத்த வாரம் வெளியே விட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டுத்தான் மருத்துவரம்மா விடுப்பில் போயிருக்கிறார்.

பார்க்க வந்த ஒரு ஆள் கூண்டில் மாட்டியிருக்கும் போர்டைத் தட்டிக் காட்டிச் சண்டைக்கு வந்தார். "இனிமே பறக்க முடியாத பறவைங்கன்னு போட்டிருக்கீங்க. அது பாட்டுக்குப் பறக்குது. யார ஏமாத்துறீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் காப்பகத்தின் பொறுப்பில் இருக்கும் ரேஞ்சரிடம் புகார் சொல்லப் போய்விட்டார்.

மார்ச் 6, வெள்ளி

வெட்டிவிட்டார்கள். பாவிகள்.

மார்ச் 7, சனி

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

நான் போனபோது கூண்டுக்கார அண்ணன் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார். குப்பையோடு குப்பையாகப் பருந்தின் நீண்ட இறகுகள். பருந்து தரையில் நின்று, மேலே இருக்கும் கட்டையைப் பார்த்து எம்பியது. எட்டவில்லை. மறுபடி எம்பியது.

"என்னை ஏம்மா அப்படிப் பாக்குற? ரேஞ்சர் வெட்டுன்னாரு, வெட்டினேன்" என்றார் அண்ணன். அதற்குமேல் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ரேஞ்சர் அறைக்குப் போனேன். குழந்தைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார்: "ஒண்ணு போர்ட மாத்தணும், இல்ல பறவைய மாத்தணும். போர்ட மாத்த மேலேருந்து அனுமதி வரணும்மா. அது லேசுல நடக்கிற காரியமா?"

சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். சரி சாராம்! எது சரி? படித்து வாங்கிய பட்டம் இதற்குத்தானா — தலையாட்டுவதற்கு?

வீட்டில் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். அம்மா பிடித்துக்கொண்டாள். "கோவத்தச் சோத்து மேல காட்டாதடி. ஒரு பருந்துக்காக வேலைய விட்டுட்டு வந்து நிக்காத. நம்ம வீட்ல ஆபீஸ் வேலைக்குப் போன முத ஆளு நீ."

ஆபீஸாம். நாள் முழுக்க வெயிலில் நிற்கிறேன். எச்சம் விழாத சட்டை ஒன்றுகூட என்னிடம் இல்லை.

மார்ச் 8, ஞாயிறு

முடி வளர்வதுபோல இறகு வளராது. வெட்டுப்பட்ட அடித்தண்டு தானாக உதிர வேண்டும். பிறகுதான் புதிது முளைக்கும். ஒரு வருடம்கூட ஆகலாம். ரேஞ்சருக்கும் இது தெரியும். தெரிந்துதான் செய்திருக்கிறார்.

மார்ச் 11, புதன்

மருத்துவரம்மா வந்துவிட்டார். இறக்கையை விரித்துப் பார்த்தார். பருந்தைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய்ச் சிகிச்சை அறையில் வைத்துக் கதவைச் சாத்தினார். அந்தக் கதவுச் சத்தம் எனக்கு இதமாக இருந்தது.

மார்ச் 14, சனி

மின்கம்பியில் அடிபட்ட வேறொரு பருந்தைக் கொண்டுவந்தார்கள். மேசையில் வைத்த கொஞ்ச நேரத்தில் செத்துப்போனது. புதைக்கத்தான் எடுத்தேன். "கொஞ்சம் இரு" என்றார் மருத்துவரம்மா. "இதோட றெக்கை நல்லா இருக்கு."

வெட்டிய இறகின் அடித்தண்டு உள்ளே வெற்றுக் குழாய். அதில் மெல்லிய மூங்கில் குச்சியைச் சொருகி, மறுமுனையில் செத்த பருந்தின் இறகைப் பசையால் பொருத்த வேண்டும். எந்த இடத்து இறகோ அதே இடத்துக்கு. ஒன்று திரும்பி இருந்தாலும் காற்றைப் பிடிக்காது. நான் உயிருள்ளதை அணைத்துப் பிடித்துக்கொண்டேன். அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் அடித்துக்கொண்டே இருந்தது. ஒட்டி முடிக்க மாலையாகிவிட்டது.

"ரேஞ்சருக்குத் தெரிஞ்சா?" என்றேன்.

"வைத்தியம் பாக்குறது என் வேலை. குணமானா விடுறதும் என் வேலை. உனக்குப் பயமா இருந்தா வீட்டுக்குப் போம்மா."

பயமா? கோபத்தில் அதற்கெல்லாம் இடமே இல்லை.

மார்ச் 22, ஞாயிறு

ஏரிக்கரையில் பெட்டியைத் திறந்தோம். முதலில் வெளியே வரவே இல்லை. பிறகு நடந்து வந்தது, கோழி மாதிரி. எனக்கு அழுகை முட்டியது. ஒட்டினது சரியில்லையோ? காற்று ஒரு முறை வேகமாக வீசியது. அவ்வளவுதான். தண்ணீருக்கு மேல் போய்த் திரும்பி, எங்கள் தலைக்கு மேலே உயர்ந்தது. ஒட்டிய இறகுகள் மட்டும் கொஞ்சம் வெளிறித் தெரிந்தன.

மருத்துவரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் துடைக்கவில்லை. வெட்டியவர்களை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 24, செவ்வாய்

ரேஞ்சர் கூப்பிட்டார். பருந்து எங்கே என்று கேட்டார்.

"பறந்துடுச்சு சார்."

"றெக்கை வெட்டின பருந்து எப்படிம்மா பறக்கும்?"

"வெட்டினாங்களா? யார் சார் வெட்டினது?"

அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்வையை எடுக்கவில்லை. வாசலில் நின்ற கூண்டுக்கார அண்ணன் மெல்ல நகர்ந்துவிட்டார். ரேஞ்சர் மேசையில் ஒன்றுமில்லாத இடத்தைக் கையால் துடைத்தார். நாளையிலிருந்து நான் பருந்துப் பக்கம் நிற்க வேண்டாமாம். கிளிக்கூண்டில் நிற்க வேண்டுமாம்.

வெளியே வந்தேன். தண்ணீர் குடித்துவிட்டு, இன்றே போய்க் கிளிகளைப் பார்த்தேன். அங்கேயும் அதே போர்டுதான்; ஆனால் இரண்டு கிளிகள் கூரை வரைக்கும் பறக்கின்றன. மருத்துவரம்மாவிடம் சொல்லிவிட்டேன்.